ஓட்டிப் பாராமலே உணர்தல்: தாம்பரம் வட்டாரக் கணினியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த மாணவ மாணவியருக்கு,

தாம்பரத்திலும், அதனைச் சுற்றி வண்டலூர், கேளம்பாக்கம், சோழிங்கநல்லூர் வரையில் பரந்துகிடக்கும் புறநகர்ப் பகுதிகளிலும் அமைந்த பொறியியற் கல்லூரிகளில் கணினியியல் பயின்று, இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தகுந்த விஷயம் எது என்று இப்பொழுது ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றுச் சேலையூரில் வசிக்கும் நான் ஒரு வேண்டுகோள் விடுக்கத் துணிந்து இம்மடலை எழுதுகிறேன். வேண்டுகோள் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் எழுதும் புரோகிராம் சரியானதுதான் என்பதை, அதை ஓட்டிக் காட்டி அல்ல, ஓட்டாமலே, யூக்லிடின் தேற்றங்களை நிரூபிக்கும் அதே கண்டிப்புடன் நிரூபித்துக் காட்டும் திட்டப்பணி ஒன்றை உங்களில் சிலராவது இவ்வாண்டு மேற்கொள்ள வேண்டும். அந்த நிரூபணத்தில் சலிப்பூட்டும் பகுதியைச் செய்து தருவதற்கென்றே யந்திரங்கள் தோன்றி வெகுகாலமாகிவிட்டது. அவை பெரும்பாலும் இலவசமாகவும் கிடைக்கின்றன.

திட்டப்பணி அறிக்கைகள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். கறுப்பு ரெக்ஸின் அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்து வரும் அவ்வறிக்கைகளில் ‘டெஸ்டிங்’ என்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். அதில் ஓர் அட்டவணை இருக்கும். கொடுத்த உள்ளீடு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை என்ற மூன்று பத்திகளுக்கு அப்பால், நான்காவது பத்தியில் மேலிருந்து கீழ்வரை ‘பாஸ்’ என்ற ஒரே சொல் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். முழு அறிக்கையிலும் சாரமற்ற அத்தியாயம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது நியாயமே. ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த பருக்கைகள் ஒன்றுபோலவே இருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. புரோகிராமுக்குள் புகும் எண்களுக்கு அத்தகைய பொதுக் கதி கிடையாது: ஓர் எண் ஒரு கிளையில் திரும்பும், அடுத்தது வேறு கிளையில் திரும்பும், ஆயிரம் எண்கள் சுகமாகக் கடந்துபோன பாதையில் ஆயிரத்தோராவது எண் இடறி விழுவதற்கு எவ்விதத் தடையும் இல்லை. எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே என்றால், 32 பிட் அளவுள்ள இரண்டு முழு எண்களை வாங்கிக் கூட்டித் தரும் அற்பமான ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கக்கூடிய ஜோடிகள் இரண்டின் 64ஆம் படி. வினாடிக்கு 100 கோடி ஜோடி வீதம் இடையறாது சோதித்துக்கொண்டிருந்தாலும் முடிப்பதற்கு ஏறத்தாழ 585 ஆண்டுகள் ஆகும். சோதனையானது பிழை உண்டு என்பதைக் காட்ட வல்லதே அன்றி, இல்லை என்பதைக் காட்ட வல்லதன்று என்று டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்ததன் தாத்பரியம் இதுதான்.

ஆயினும் நிரூபணம் என்ற மாத்திரத்தில் எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிட்டதாக நீங்கள் மயங்கிவிடக் கூடாது. அதற்குச் சாட்சியாக ஒரு வரலாறு உண்டு; அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பைனரி ஸெர்ச் என்னும் தேடல் முறையை நீங்கள் எப்பொழுதோ படித்திருப்பீர்கள்: ஏறுவரிசையில் அடுக்கிய பட்டியலின் நடு இடத்தைப் பார்த்து, தேடும் எண் அதனினும் சிறியதாயின் இடப் பாதியிலும், பெரியதாயின் வலப் பாதியிலும் மறுபடி நடுவைப் பார்த்து, இப்படியே குறுக்கிக்கொண்டு போவது. 1986இல் வெளியான ‘புரோகிராமிங் பெர்ல்ஸ்’ என்ற நூலில் ஜான் பென்ட்லி, தொழிலில் பழகியவர்களே இந்தச் சிறிய புரோகிராமைப் பிழையின்றி எழுதத் தவறுகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டி, தம்முடைய வடிவம் சரியானது என்பதைப் படிப்படியாக நிரூபித்தும் வைத்தார். அவரிடம் பாடம் கேட்ட ஜாஷுவா பிளாக் என்பவர் பிற்காலத்தில் ஜாவா மொழியின் நூலகத்துக்கு அதே புரோகிராமை எழுதினார். உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் அது சுமார் ஒன்பது ஆண்டுகள் ஓடியது. 2006இல் அதில் பிழை இருப்பதை அந்த பிளாக்கே உலகறிய எழுதினார். பென்ட்லியின் நூலில் நிரூபிக்கப்பட்ட வடிவத்திலும் அதே பிழை இருந்தது.

பிழை இருந்த இடம் எதுவென்று கேட்டால் நகைப்பு வரும். நடு இடத்தைக் கண்டுபிடிக்க, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அந்தக் கூட்டலில்! கீழ் எல்லை 150 கோடி, மேல் எல்லை 160 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 310 கோடி. ஆனால் 32 பிட் எண்ணில் அடங்கக்கூடிய பேரெண் 214,74,83,647 மட்டுமே. ஆகவே யந்திரம் அந்தத் தொகையை வட்டமடித்து, கழித்தல் 119,49,67,296 என்று காட்டும். அதன் பாதி கழித்தல் 59,74,83,648. அப்படி ஓர் இடம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் நூறு கோடிக்கு மேல் இருந்தால்தான் இவ்விபத்து நேரும் என்பதால், சிறிய பட்டியல்களை வைத்துச் செய்த சோதனைகள் யாவும் ‘பாஸ்’ என்றே விடை கூறிவந்தன. பென்ட்லியின் நிரூபணமும் தன்னளவில் குற்றமற்றதே. அது எல்லையற்ற கணித எண்களைப் பற்றிய நிரூபணம், ஓடியதோ 32 பிட் எண்களின்மேல். இரண்டும் ஒன்றே என்ற அநுமானத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் யாரேனும் மறுத்திருப்பார்கள்.

இதே புரோகிராமை ஒரு நிரூபண யந்திரத்திடம் கொடுத்தால் நிகழ்வது என்ன? முதலில் நீங்கள் மூன்று வாக்கியங்களைத் தருக்க மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே வரும் பட்டியல் ஏறுவரிசையில் இருக்கும் என்பது முன்நிபந்தனை; வெளியே வரும் விடை ஓர் இடத்தைக் குறித்தால் தேடிய எண் அங்கே இருக்கும், ‘இல்லை’ என்று குறித்தால் பட்டியலின் எந்த இடத்திலும் இராது என்பது பின்நிபந்தனை; லூப் எத்தனை முறை சுற்றினாலும், தேடும் எண் பட்டியலில் இருக்குமானால் இரு எல்லைகளுக்கும் இடையில்தான் இருக்கும் என்பது மாறா நிபந்தனை. இந்த முறைக்கு அடிகோலியவர்கள் 1967இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969இல் டோனி ஹோரும் ஆவர். பிறகு கருவியானது புரோகிராமைக் கீழிருந்து மேலாக வரிவரியாகப் படித்து, பின்நிபந்தனை நிறைவேற வேண்டுமானால் இந்த வரிக்கு முன்பு எது உண்மையாக இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய வரிக்கு முன்பு எது உண்மையாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, முழுப் புரோகிராமையும் சில தருக்க வாக்கியங்களாக மாற்றிவிடுகிறது. எண்கள் 32 பிட் அளவுடையவை என்று சொல்லியிருந்தால், கூட்டல் வருமிடத்தில் ‘தொகை 32 பிட்டுக்குள் அடங்கும்’, பட்டியலைத் தொடுமிடத்தில் ‘இந்த இடம் பட்டியலுக்குள் இருக்கிறது’ என்று தானாகவே சில கடப்பாடுகளையும் சேர்த்துக்கொள்கிறது. இவ்வளவும் நடக்கும்போது உங்கள் புரோகிராம் ஒரு தடவைகூட ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இவ்வாக்கியங்கள் இப்பொழுது தேற்றம் நிரூபிக்கும் பொறியிடம் செல்கின்றன. லியோனார்டோ டி மோரா, நிக்கொலாய் பியோர்னர் என்னும் இருவர் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்கி 2008இல் அறிவித்த ‘இஸட்-3’ அவ்வகைப் பொறிகளுள் பெயர்பெற்றது. பொறி கையாளும் யுக்தி யூக்லிடின் காலத்ததே: நிரூபிக்க வேண்டியதன் மறுப்பை மெய்யென்று கொண்டு, அதை மெய்யாக்கக்கூடிய எண்கள் எங்கேனும் உண்டா என்று தேடும். அப்படி எண்கள் இருக்கவே முடியாது என்று அது முரண்பாட்டை எட்டினால், உங்கள் வாக்கியம் எல்லா உள்ளீட்டுக்கும் நிரூபணமாயிற்று. அந்த 585 ஆண்டுச் சோதனை தேவையற்றதாயிற்று. எண்கள் கிடைத்துவிட்டாலோ, அவற்றையே எதிர்மறை உதாரணமாக உங்கள் முன் வைக்கும்: ‘கீழ் எல்லை 150 கோடியும் மேல் எல்லை 160 கோடியும் ஆனால் உன் கூட்டல் என்னாகும்?’ என்று கேட்பதற்குச் சமானம் அது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, பாதியாக்கி, கீழ் எல்லையோடு கூட்டுவதாக வரியை மாற்றியதும் அது வாய் மூடும்.

ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஸி மொழிக்குரிய ‘ஃபிராமா-ஸி’ போன்ற கருவிகளில் யந்திர எண்களின் எல்லையைக் கருத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளலாம். மாணவர்கள் கற்கத் தொடங்குவதற்கு மிகவும் ஏற்றதான ‘டாஃப்னி’ மொழியிலோ, சாதாரணமாக எண் என்று சொன்னால் அது எல்லையற்ற கணித எண்ணே. அதில் பென்ட்லியின் வடிவத்தை அப்படியே எழுதிக் கொடுத்தால் யந்திரம் அட்டியின்றி ஏற்றுக்கொள்ளும்! 32 பிட் என்று நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் ஆட்சேபிக்கும். கேட்ட கேள்விக்கு யந்திரம் பிசகாமல் விடை தருகிறது. எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்திருக்கும் பொறுப்பு உங்களுடையது. இந்த ஒன்றைக் கற்றுக்கொள்வதற்காகவே இத்திட்டப்பணியை நான் சிபாரிசு செய்கிறேன்.

மாறா நிபந்தனையை யந்திரமே கண்டுபிடித்துக்கொள்ளாதா என்று உங்களில் சோம்பலுள்ளவர் கேட்கலாம். சோம்பல் இத்தொழிலில் இழிவன்று. சிலபோது கண்டுபிடிக்கும், எப்போதும் முடியாது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நில்லாதா என்று தீர்ப்பளிக்கும் பொது முறை இருக்க முடியாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிரூபித்துவிட்டார். அந்த டூரிங்கே 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாடு ஒன்றில், ஒரு பெரிய புரோகிராமைச் சரிபார்ப்பவர் திணறாமலிருக்க வேண்டுமானால், எழுதுபவர் இடையிடையே ‘இந்த இடத்தில் இது உண்மை’ என்று கூற்றுகளைப் பதித்துச் செல்ல வேண்டும், அவற்றைத் தனித்தனியே சோதித்தால் முழுமையும் தானே பெறப்படும் என்று, பெருக்கலே இல்லாமல் கூட்டலைக் கொண்டு ஃபாக்டோரியல் காணும் புரோகிராமை உதாரணமாக வைத்து விளக்கினார். முடியாது என்று நிரூபித்தவரே, மனிதன் சிறிது துணைசெய்தால் எவ்வளவு முடியும் என்பதையும் காட்டியது நினைக்கத்தக்கது. டூரிங்கின் தாயார் நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். இதைக் கொண்டு நாம் சொந்தம் கொண்டாடுவதற்கில்லை. நம் தாம்பரம் பாதைகூட அந்தக் கம்பெனியுடையதன்று, தென்னிந்திய ரயில்வேயுடையது.

சொந்தம் கொண்டாட வேறு பெரியோர் இங்கேயே இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் குறை. 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்துவக் கல்லூரியில், ராணி சிரோமணி அவர்களும் அவர் கணவர் கிஃப்ட் சிரோமணி அவர்களும், விதிகளைக் கொண்டு மொழிகளை ஆக்கும் கணிதத் துறையை, இந்தியாவில் அதன் பெயரே பலருக்குத் தெரியாத காலத்தில் வளர்த்தார்கள். 1974இல் அவ்விருவரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, நம் வாசல்களில் போடும் கோலங்களைக் கட்டங்களாகப் பகுத்து, அவற்றை உண்டாக்கும் இலக்கணத்தை வகுத்து எழுதிய கட்டுரையை வெளிநாடுகளிலும் படித்தார்கள். ஒரு சிக்குக்கோலத்தைச் சில விதிகளிலிருந்து பிறப்பிப்பதும், ஒரு புரோகிராம் அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் சில விதிகளிலிருந்து வரையறுப்பதும் ஒரே சாஸ்திரத்தின் இரு கிளைகள். இரண்டாவது கிளையைப் பயிலச் சிறுசேரி சிப்காட் வளாகத்தில் சென்னைக் கணித நிறுவனமும், தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. சி.எஸ். சேஷாத்ரி அவர்கள் 1989இல் தொடங்கிய முந்தைய நிறுவனத்தில், புரோகிராம்கள் சரியானவையா என்று ஆராய்வதற்கென்றே ஆசிரியர் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அங்குள்ள ஸ்ரீவத்ஸன் அவர்கள் ‘மாடல் செக்கிங்’ பற்றி நடத்திய வகுப்புகளை என்.பி.டி.இ.எல். வழியாக வீட்டிலிருந்தே கேட்கலாம்.

கிண்டி ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்துவிட்டு அமெரிக்கா சென்ற நடராஜன் சங்கர் அவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணிதத்தில் உண்மையாய் இருந்தும் நிரூபிக்க முடியாத வாக்கியங்கள் உண்டு என்ற கேடலின் பிரசித்தமான தேற்றத்தை, அவர் டெக்ஸாஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது யந்திரத்தைக் கொண்டு நிரூபித்துக் காட்டினார். 1986இல் முடித்த அவ்வாராய்ச்சி பிறகு கேம்பிரிட்ஜ் வெளியீடாக நூலுருவம் பெற்றது. நிரூபணத்தின் எல்லையைக் கூறும் தேற்றத்தை நிரூபண யந்திரமே நிரூபித்தது என்பதில் ஒரு விநோதமான அழகு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் சாம் ஓர், ஜான் ரஷ்பி ஆகியோருடன் அவர் ஆக்கிய பி.வி.எஸ். என்னும் நிரூபணச் சாதனம் 1992இல் வெளிவந்தது. அதைக் கையாண்டு, விமானங்களில் பயன்படும் ஏ.ஏ.எம்.பி.-5 என்ற நுண்செயலியைச் சரிபார்த்தவர்களுள் ஒருவரான மண்டயம் ஸ்ரீவாஸ் அவர்கள் பின்னாளில் சிறுசேரிக்கு ஆசிரியராக வந்தார்கள்.

நிரூபிக்கும் யந்திரத்திலேயே பிழை இருந்தால்? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருந்தால் மெத்தச் சந்தோஷம். ராபர்ட் ஷோஸ்டாக் என்பவர் 1984இல் வெளியிட்ட ஒரு தீர்மான முறையை நிரூபணப் பொறிகள் பல ஆண்டுகள் நம்பிக் கையாண்டுவந்தன; 2001இல் சங்கர் அவர்களும் ஹரால்ட் ருயெஸ் என்பவரும் அதைப் பிரித்துப் பார்த்து, சில சமயம் அது முடிவே இல்லாமல் ஓடும் என்பதையும், சில மெய்களை நிரூபிக்கத் தவறும் என்பதையும் காட்டித் திருத்தினார்கள்; திருத்திய முறை மறு ஆண்டு பி.வி.எஸ்.ஸைக் கொண்டே நிரூபிக்கவும் பட்டது. யந்திரத்தின் மிகச் சிறிய கரு ஒன்றை மட்டும் நம்பினால் போதும், ஏனையவற்றைக் கரு சரிபார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு, அதை வகுத்த ராபின் மில்னர் காலம் முதல் இக்கவலைக்கு ஓரளவு பரிகாரம்.

இனி உங்களுக்குப் பிரத்தியட்சமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாம்பரம் யார்டில் நடந்த மறுசீரமைப்பு வேலைக்காக மின்சார ரயில்கள் பல ரத்தாகி, பல்லாவரம் வரையில் வந்து நின்ற வண்டிகளையும் ஜி.எஸ்.டி. சாலைப் பஸ்களையும் நம்பி நீங்கள் பட்ட பாடு மறந்திருக்காது. யார்டு என்பது வெறும் தண்டவாளக் கூட்டமன்று. ஒன்றோடொன்று மோதக்கூடிய இரு ரூட்டுகள் ஒரே சமயத்தில் அமையக் கூடாது, வண்டி மேலே நிற்கும்போது பாயிண்ட் நகரக் கூடாது, ரூட் பூட்டப்பட்டு வழி காலியாக இருந்தாலன்றிச் சிக்னல் பச்சை காட்டக் கூடாது என்ற நியதிகளின் கூட்டம். ரயில்வேக்காரர்கள் இன்டர்லாக்கிங் என்று சொல்லும் இக்காரியத்தை முற்காலத்தில் கேபினிலிருந்த நெம்புகோல்களும், பின்னர் ரிலேக்களும் செய்தன. நிலையத்துக்கு நிலையம் இப்பொழுது கணினிகள் அவ்விடத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு பாயிண்ட்டும், சிக்னலும், தண்டவாளத் துண்டும் இரண்டு நிலைகளுள் ஒன்றில் இருக்கும் என்று கொண்டால், அத்தகைய உறுப்புகள் 100 இருக்கும் யார்டின் நிலைகள் இரண்டின் 100ஆம் படி. இதைச் சோதனையால் தீர்க்க நினைப்பது பேதைமை. நிரூபணத்துக்கோ இது ஏற்ற விளைநிலம். பாரிஸ் நகரத்து மெட்ரோவில் 1998இல் திறந்த 14ஆம் தடத்தில் ஓட்டுநரில்லாத வண்டிகளை ஆளும் பாதுகாப்பு மென்பொருளை, ஜான்-ரேமோன் அப்ரியால் வகுத்த பி-முறையில் எழுதி, சுமார் 27,800 கடப்பாடுகளை, பெரும்பாலும் யந்திரத்தாலேயே நிரூபித்து முடித்தார்கள்.

அப்படியானால் ரயில் விபத்து இனி இல்லை என்று சொல்லிவிடலாமா? 2023 ஜூன் 2ஆம் தேதி, நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிஸாவின் பஹநாகா பஜார் நிலையத்தில், பிரதான தடத்துக்கென்று பச்சை காட்டியிருந்த சிக்னலை நம்பி விரைந்து, பாயிண்ட் லூப் தடத்தை நோக்கி இருந்தபடியால் அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை குற்றம் கண்டது, முன்னொரு சமயம் சிக்னல் இணைப்புச் சுற்றில் செய்த மாற்றத்திலும், லெவல் கிராஸிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளில். கணினி ‘பாயிண்ட் நேராக இருக்கிறது’ என்ற செய்தியைப் பெற்று, அச்செய்தி மெய்யானால் எது சரியோ அதைச் செய்தது. கம்பி சொன்னது பொய். அந்த இன்டர்லாக்கிங்கின் தருக்கத்தை எத்தனை நிரூபண யந்திரங்கள் வாழ்த்தியிருந்தாலும், ‘கம்பிகள் வரைபடத்தில் உள்ளபடியே இணைக்கப்பட்டிருக்கின்றன’ என்ற ஒரு வரி பொய்யான கணத்தில் அவ்வளவும் பயனற்றதாகிவிடும். நிரூபணத்தின்மேல் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அந்த ஒரு வரியை எழுதச்செய்வது நிரூபணம் மட்டுமே. எழுதிய வரியைத்தான் ஒருவர் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போய்ச் சரிபார்க்க முடியும்.

நம்பியவற்றை எழுதிவைக்கும் இவ்வழக்கத்துக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர்கள் ஸிட்னி நகரத்து ஆராய்ச்சியாளர்கள். கெர்வின் க்ளைன் முதலியோர் 2009இல் எஸ்.இ.எல்-4 என்னும் இயங்குதளக் கருவை, ஸி மொழியில் சுமார் 8,700 வரிகள் கொண்டதை, இசபெல் என்ற சாதனத்தால் முழுமையாக நிரூபித்து வெளியிட்டார்கள். செலவான உழைப்பு ஏறத்தாழ 20 மனித-ஆண்டுகள். நான் அதில் பெரிதும் மதிப்பது நிரூபணத்தின் நீளத்தை அன்று. கம்பைலர் சரியென்று கொண்டோம், அஸெம்ப்ளியில் எழுதிய சிறு பகுதியைச் சரியென்று கொண்டோம், வன்பொருளைச் சரியென்று கொண்டோம் என்று கட்டுரையிலேயே பட்டியலிட்டு வைத்த நேர்மையை. பட்டியலிட்டதனால்தான் பின்னர் வந்தவர்கள் கம்பைலர் என்ற நம்பிக்கையைத் தனியே எடுத்து, அதையும் நிரூபணத்துக்குள் கொண்டுவர முடிந்தது. பிரான்ஸில் ஸேவியே லெருவா ஆக்கிய காம்ப்ஸெர்ட் என்னும் நிரூபிக்கப்பட்ட கம்பைலரின் கதையும் இதைப் போன்றதே. 2011இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தாறுமாறான ஸி புரோகிராம்களைத் தானாக எழுதும் கருவியொன்றைக் கொண்டு பிரபலமான கம்பைலர்களைத் தாக்கி நூற்றுக்கணக்கில் பிழைகளைப் பிடித்தார்கள். காம்ப்ஸெர்டில் அகப்பட்ட சில பிழைகளும் நிரூபணத்துக்கு வெளியே நின்ற பகுதிகளில் இருந்தன.

20 மனித-ஆண்டுகளா என்று மலைக்க வேண்டாம். உங்கள் ஆறு மாதத் திட்டப்பணிக்குப் பைனரி ஸெர்ச் அளவுள்ள ஒன்றே போதும். வேலைக்குப் போனால் இதற்கெல்லாம் மேலாளர் நேரம் தரமாட்டார் என்று உங்கள் சீனியர்கள் சொல்வார்கள். அது பெரும்பாலும் மெய்தான், மறுக்க மாட்டேன். ஆயினும் சிறுசேரியில் மாபெரும் வளாகம் வைத்திருக்கும் டி.ஸி.எஸ். கம்பெனியின் புனே ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த ‘வெரிஆப்ஸ்’ என்ற கருவி, புரோகிராம் சரிபார்ப்புக் கருவிகளுக்கான சர்வதேசப் போட்டியில் தன் பிரிவில் முதலிடம் பெற்றிருக்கிறது. வணிகத்துக்கும் இவ்வித்தைக்கும் பகை இல்லை. மேலும் இப்பொழுது செயற்கை நுண்ணறிவானது கேட்ட மாத்திரத்தில் நூறு வரி புரோகிராம் எழுதித் தருகிறது. உங்கள் விடுதிகளில் அதைக் கொண்டே திட்டப்பணிகள் முடிவதையும் நான் அறிவேன். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள இம்மடலை எழுதவில்லை. எழுதுவது மலிவாகிவிட்ட காலத்தில், எழுதப்பட்டது எதைச் செய்ய வேண்டும் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லத் தெரிந்தவருக்கே வேலை மிஞ்சும். அதே செயற்கை நுண்ணறிவு எழுதிய புரோகிராமை, நீங்கள் எழுதிய முன்நிபந்தனை பின்நிபந்தனைகளுடன் நிரூபணப் பொறியிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அது எழுதிய கூட்டலில் பென்ட்லியின் பழைய பிழை மறுபடி தலைகாட்டுகிறதா என்பது ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

ஆகவே என் யோசனை இது. நான்கு பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, இரண்டு பிளாட்பாரமும் ஒரு லூப் தடமும் உடைய கற்பனை நிலையம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். ரயில்வேயின் உண்மையான வரைபடம் எதுவும் வேண்டாம். அதன் இன்டர்லாக்கிங்கை டாஃப்னியிலோ, ஃபிராமா-ஸியைக் கொண்டு ஸி மொழியிலோ எழுதி, மோதும் ரூட்டுகள் ஒருங்கே அமையா என்பதையும், வண்டியின் கீழ்ப் பாயிண்ட் நகராது என்பதையும் நிரூபியுங்கள். எதிர்மறை உதாரணம் வரும்போதெல்லாம் அழித்துவிடாமல், அது எந்த நியதியை மறந்ததனால் வந்தது என்று குறித்து வையுங்கள். அக்குறிப்புகளே உங்கள் ‘டெஸ்டிங்’ அத்தியாயத்துக்கு மாற்று. வழிகாட்டும் ஆசிரியருக்கு இத்துறை பழக்கமில்லையென்றால், சிறுசேரிக்கோ தரமணிக்கோ ஒரு விண்ணப்பம் எழுதி ஒரு கருத்தரங்குக்கு இடம் கேளுங்கள். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், அங்கிருந்து தெற்கே சென்றால் சிறுசேரி வந்துவிடும்.

அறிக்கையைக் கட்டும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். நன்றியுரைப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நிரூபணத்துக்கு முன்னால், ‘இவற்றை உண்மையென்று கொண்டோம்’ என்று தலைப்பிட்டு, கம்பைலர், எண்களின் அளவு, கம்பிகள், தண்டவாளத்தில் வண்டி இருப்பதைச் சொல்லும் கருவி என்று நீங்கள் நிரூபிக்காமல் நம்பிய ஒவ்வொன்றையும், அதைச் சரிபார்க்க வேண்டியவர் யார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும் பரீட்சகர் அந்தப் பக்கத்திலிருந்தே கேள்வி கேட்கத் தொடங்கினால், நல்ல பரீட்சகர் வாய்த்தார் என்று கொள்ளலாம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
சேலையூர்.